ஹாஜியின் பணமும் வாசலில் நின்றவர்களும்

பச்சைமலையை ஒட்டி அமைந்த அரும்பாவூர், பெரம்பலூர் மாவட்டத்தில் மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களைச் செதுக்கிக் கோயில் தேர்களுக்கும் வாகனங்களுக்கும் வேண்டிய உருவங்களைச் செய்துதரும் கைவினைஞர் குடும்பங்கள் அங்கும் அருகிலுள்ள தழுதாழையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 2020இல் அந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உருவ வழிபாட்டைப் பற்றி மார்க்கம் சொல்வது நம் வாசகர்கள் அறிந்ததே. அதைப் பேச இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. அந்தத் தொழிலில் கைமாறும் பணத்தின் தன்மையைப் பற்றியே ஒரு சொல். மரத்துக்கு ஒரு விலை, உளி பிடித்த நாட்களுக்கு ஒரு கூலி, இரண்டும் சேர்ந்த தொகை. சமயத்தைச் சார்ந்து பிழைக்கும் தொழில்தான். ஆனால் அங்கே விற்கப்படுவது உழைப்பு. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அது தெரியும்.

அதே மாவட்டத்தில் வி.களத்தூரிலும் வெள்ளாற்றங்கரையின் லெப்பைக்குடிக்காட்டிலும் வாழும் நம் மக்களிடம் சமயத்தின் பொருட்டுக் கைமாறும் மிகப் பெரிய தொகை எது என்று கேட்டால், தயக்கமில்லாமல் ஹஜ் என்று சொல்லிவிடலாம். வளைகுடாவின் வெயிலில் ஆண்டுக்கணக்காக உழைத்துச் சேர்த்ததும், மகள் திருமணம் முடிந்து மிஞ்சியதும், நிலத்தின் ஒரு துண்டை விற்று வந்ததுமாகச் சேர்ந்த பணம் ஒரே பயணத்தில் செலவாகிறது. அந்தப் பணம் யார் யார் கை வழியாகப் போகிறது, ஒவ்வொரு கையும் எதற்காக அதைப் பெறுகிறது என்று கேட்பவர்கள் நம்மில் குறைவு. இறையில்லத்துக்குப் போகும் காசுக்குக் கணக்குக் கேட்பது பக்திக்கு இழுக்கு என்று ஓர் எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. இந்த எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட வணிகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

அந்த வரலாறு இஸ்லாத்துக்கு முன்பே தொடங்குகிறது. மக்காவின் குறைஷியர், நபி (ஸல்) அவர்களின் முன்னோரான குஸய்யின் காலம் தொட்டு, கஅபாவுக்கு வருவோர்க்கு இரண்டு பணிகளைச் செய்து வந்தனர். ஒன்று, 'சிகாயா' எனப்படும் நீர் வழங்கும் பணி. மற்றொன்று, 'ரிஃபாதா' எனப்படும் உணவளிக்கும் பணி. ரிஃபாதாவுக்காகக் குறைஷியர் தங்கள் செல்வத்திலிருந்தே ஆண்டுதோறும் ஒரு பங்கை ஒதுக்கும்படி குஸய் ஏற்பாடு செய்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பாலைவனத்தைக் கடந்து வந்தவனுக்குத் தண்ணீரும் சோறும் கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் குறை காண எதுவுமில்லை.

ஆனால் காலப்போக்கில் அதே குறைஷியர் இன்னொன்றையும் செய்தனர். தங்களையும் தங்களோடு சேர்ந்த சில குலங்களையும் 'ஹும்ஸ்' என்று அழைத்துக்கொண்டனர். ஹரமின் எல்லைக்கு வெளியிலிருந்து வருபவர்கள் தாங்கள் கொண்டுவந்த உணவை உள்ளே உண்ணக் கூடாது என்றனர். வெளியூர் ஆடையோடு முதல் தவாஃபைச் செய்யக் கூடாது என்றனர். ஹும்ஸ் குலத்தாரின் ஆடையை இரவலாகவோ வாடகைக்கோ பெற்றுத்தான் செய்ய வேண்டும். கிடைக்காதவர்கள் ஆடையின்றி வலம்வந்தார்கள். சொந்த ஆடையிலேயே தவாஃப் செய்துவிட்டவர், முடித்தபின் அதை எறிந்துவிட வேண்டும். பிறகு அதை எவரும் தொடுவதில்லை. ஹாஜிகள் எல்லாரும் அரஃபாவுக்குப் போகையில், தாங்கள் ஹரமின் மக்கள் என்று காரணம் சொல்லிக் குறைஷியர் முஸ்தலிஃபாவோடு நின்றுகொண்டனர்.

நீர் கொடுப்பதற்கும் ஆடை கொடுப்பதற்கும் மேலோட்டமாகப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. இரண்டும் யாத்ரிகருக்குச் செய்யும் சேவைபோலவே தோன்றும். ஆனால் தண்ணீரின் தேவையைப் பாலைவனம் உண்டாக்கியது. ஆடையின் தேவையைக் குறைஷியரே உண்டாக்கினர். இறைவனின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தங்கள் வழியாக அன்றி உள்ளே போக முடியாது என்ற நிலையை ஏற்படுத்தினர்.

நபி (ஸல்) அவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகவே நடத்தினார்கள். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது ஜாஹிலிய்யாக் காலத்துப் பெருமைகளும் உரிமைகளும் தள்ளுபடி செய்யப்பட்டன. ஆனால் நீர் வழங்கும் பணியும் கஅபாவைப் பராமரிக்கும் பணியும் நிலைநிறுத்தப்பட்டன. சிகாயா அப்பாஸ் (ரலி) அவர்களின் குடும்பத்திடமே இருந்தது. கஅபாவின் திறவுகோல் உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. மறு ஆண்டு, அபூபக்ர் (ரலி) அவர்களின் தலைமையில் நடந்த ஹஜ்ஜில், இனி எவரும் ஆடையின்றித் தவாஃப் செய்யக் கூடாது என அறிவிக்கப்பட்டது. குறைஷியரும் மற்ற மக்கள் புறப்படும் இடத்திலிருந்தே புறப்பட வேண்டும் என்று சூரத்துல் பகராவின் 199ஆம் வசனம் கட்டளையிட்டது.

அதற்கு முந்தைய 198ஆம் வசனம் வணிகத்தைப் பற்றியது. உகாழ், மஜன்னா, துல்மஜாஸ் ஆகிய பழைய சந்தைகளில் ஹஜ் பருவத்தில் வாங்கி விற்பது பாவமாகுமோ என்று நபித்தோழர்கள் தயங்கினர். இறைவனின் அருளைத் தேடிக்கொள்வதில் குற்றமில்லை என்று அந்த வசனம் அவர்களின் தயக்கத்தை நீக்கியது என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஆக, ஹஜ்ஜும் வணிகமும் ஒன்றுக்கொன்று பகை என்று வாதிடுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. அடுத்தடுத்த இரு வசனங்களில் சந்தை திறந்திருக்கிறது, தனியுரிமை மூடப்பட்டிருக்கிறது.

மூடப்பட்ட அந்தக் கதவு பிற்காலத்தில் வேறு பெயர்களில் மீண்டும் திறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்காவில் 'முதவ்விஃப்' எனப்படும் வழிகாட்டிகள் ஒரு கட்டுக்கோப்பான தொழிற்குழுவாக இருந்தனர். இன்ன நாட்டின் ஹாஜிகள் இன்ன முதவ்விஃபுக்கு உரியவர்கள் என்று பங்கீடு செய்யப்பட்டிருந்தது. மக்காவின் ஷரீஃபாக 1882 முதல் 1905 வரை இருந்த அவ்னுர் ரஃபீக்கின் காலத்தில் இந்த உரிமைகள் பணத்துக்கு வழங்கப்பட்டன. பணம் கொடுத்து உரிமை பெற்றவர் அதை யாரிடமிருந்து மீட்பார்? ஊரைவிட்டுக் கப்பலேறும்போதே, தான் முன்பின் பார்த்திராத ஒருவரின் உரிமைப்பொருளாக ஹாஜி ஆகிவிட்டிருந்தார். அந்த முதவ்விஃபின் வீட்டில் தங்க வேண்டும், அவர் சொல்லும் ஒட்டகக்காரனை அமர்த்த வேண்டும். மொழி தெரியாத நாட்டில் நேர்மையான முதவ்விஃப் ஒரு தந்தையைப்போல் இருந்தார் என்பதும் உண்மை. அப்படிப்பட்டவர் வாய்ப்பது ஹாஜியின் நற்பேற்றைப் பொறுத்தது.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், நீராவிக் கப்பல்கள் பெருகியதும் இந்த வணிகத்தின் அளவையே மாற்றிவிட்டன. காற்றை நம்பிய பாய்மரக் கப்பலில் சிலர் மட்டுமே போக முடிந்த பயணம், ஏழையும் நினைத்துப் பார்க்கக்கூடிய ஒன்றாயிற்று. ஆட்களை ஏற்றினால் லாபம் என்று கப்பல் நிறுவனங்கள் கண்டுகொண்டன. அந்த லாபத்தின் முகத்தை உலகுக்குக் காட்டியது 1880இல் நடந்த ஒரு நிகழ்வு.

'ஜெத்தா' என்பது அக்கப்பலின் பெயர். சிங்கப்பூரில் வாழ்ந்த அல்சகாஃப் என்னும் ஹள்ரமீ அரபு வணிகக் குடும்பத்துக்குரியது. சிங்கப்பூரும் பினாங்கும் நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டைக் கரைகளிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் கடை விரித்த ஊர்கள். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவர்கள் எழுப்பியது. அந்தத் துறைமுகங்களிலிருந்து அவ்வாண்டு ஜூலையில் ஏறத்தாழ 950 யாத்ரிகர்களை ஏற்றிக்கொண்டு 'ஜெத்தா' புறப்பட்டது. அரபிக்கடலில் புயலும் கொதிகலன் பழுதும் நேர்ந்து நீர் உட்புகுந்தது. ஆகஸ்ட் 8ஆம் நாள், ஆப்பிரிக்காவின் கொம்புமுனைக்கு அருகே, கப்பல் தலைவர் கிளார்க்கும் அவருடைய ஐரோப்பிய அலுவலர்களும் பயணிகளைக் கப்பலிலேயே விட்டுவிட்டு ஒரு படகில் ஏறிச் சென்றுவிட்டனர். வேறொரு கப்பலால் மீட்கப்பட்டு ஏடனை அடைந்த அவர்கள், 'ஜெத்தா' மூழ்கிவிட்டது என்று தெரிவித்தனர். மறுநாள், மூழ்கியதாகச் சொல்லப்பட்ட அதே கப்பல், 'ஆன்டினார்' என்ற கப்பலால் இழுத்து வரப்பட்டு ஏடன் துறையில் வந்து நின்றது. யாத்ரிகர்கள் நீரை இறைத்து இறைத்தே கப்பலை மிதக்க வைத்திருந்தார்கள்.

விசாரணை நடந்தது. கப்பல் தலைவரின் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது, அவ்வளவுதான் தண்டனை. இருபது ஆண்டுகள் கழித்து ஜோசப் கான்ராட் இந்நிகழ்வை வைத்து 'லார்ட் ஜிம்' என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதினார். தப்பியோடிய அலுவலன் ஒருவனின் மனசாட்சிதான் அதன் கரு. கப்பலின் அடித்தளத்தில் நீர் இறைத்த ஹாஜிகளின் பெயர்கள் அந்த நாவலிலும் இல்லை.

அல்சகாஃப் குடும்பத்தின் வணிகம் கப்பலோடு முடியவில்லை. ஜோகூரில் குகுப் என்ற இடத்தில் அவர்களுக்குப் பெருந்தோட்டம் இருந்தது. ஹஜ்ஜை முடித்துத் திரும்ப வழிச்செலவு இல்லாமல் ஹிஜாஸில் திகைத்து நின்றவர்களுக்குப் பயணக் கடன் கொடுத்து, அக்கடன் தீரும்வரை குகுப் தோட்டத்தில் உழைப்பதாக ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். புதிதாக 'ஹாஜி' என்ற பட்டம் பெற்றவர், வீட்டுக்குப் போகும் வழியில் கூலியாளாக மாறினார். இதே குடும்பம் 1912இல் சிங்கப்பூரில் ஒரு மதரஸாவை நிறுவியது. அது இன்றும் நடக்கிறது. கொடையாளர் என்றோ கொடியவர் என்றோ ஒரே சொல்லில் முடிக்க விரும்புபவர்களுக்கு வரலாறு வசதியாக அமைவதில்லை.

இந்தியாவில் ஹாஜிகளின் பெரும் வாயில் பம்பாய். நம் பகுதியிலிருந்து சென்றவர்களும் ரயிலேறிப் பம்பாயை அடைந்து, கப்பல் வரும்வரை முசாஃபிர்கானாக்களில் காத்திருந்தனர். தரகர்களின் களம் அதுவே. ரயில் நிலையத்திலேயே மார்க்கச் சகோதரனாக வந்து கைகொடுப்பவர், தங்குமிடம் காட்டுவார், சீட்டு வாங்கித் தருவார், காசு மாற்றித் தருவார். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு அவருக்கு. தரகர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று பம்பாயில் 1887இல் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இந்திய அரசு ஹஜ் பயண ஏற்பாட்டையே உலகின் பெரிய பயண நிறுவனமான தாமஸ் குக்கிடம் ஒப்படைத்துப் பார்த்தது. நட்டம் வந்தால் அரசு ஈடுசெய்யும் என்பது ஒப்பந்தம். பத்தாண்டுகூட அது நிலைக்கவில்லை. பயணிகளில் பெரும்பாலோர் தங்கள் மொழி பேசிய பழைய தரகரையே நாடினர். ஏமாற்றுபவன் என்று தெரிந்தும் ஏன் அவனிடம் போனார்கள் என்று அன்றைய ஆங்கில அதிகாரிகள் வியந்திருக்கலாம். அச்சடித்த கட்டணப் பட்டியலை வாசிக்கத் தெரியாதவருக்கு ஸலாம் சொல்லித் தோளில் கைபோடும் மனிதர்தான் உத்தரவாதமாகத் தெரிவார்.

இவ்விடத்தில் காலனி அரசையும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. 1865இல் மக்காவில் பரவிய காலரா எகிப்து வழியாக ஐரோப்பாவை எட்டியபிறகுதான் ஹாஜிகளின் நெரிசல் அவர்களின் கண்ணில் பட்டது. செங்கடலின் கமரான் தீவில் உஸ்மானிய அரசு நடத்திய தனிமை முகாமில் தங்கியதற்கும் ஹாஜியே கட்டணம் செலுத்தினார். ஜித்தாவில் கைக்காசின்றித் தேங்கியவர்களைத் திருப்பி அழைத்துவரும் செலவு அரசின் தலையில் விழுந்தபின், 1920களில், திரும்பும் பயணச்சீட்டோ அதற்கான முன்பணமோ இல்லாமல் கப்பலேறக் கூடாது என்ற விதி வந்தது. அரசு தன் செலவை மிச்சப்படுத்தக் கொண்டுவந்த விதிதான். எனினும், போனவர் திரும்பி வரும் உறுதியை எத்தனையோ குடும்பங்களுக்குக் கொடுத்தது அதுவே.

கப்பல் தொழிலிலோ ஒரே நிறுவனத்தின் ஆட்சி நடந்தது. பம்பாயில் 1877இல் வேறு பெயரில் தொடங்கி, பின்னர் பிரிட்டிஷ் நிர்வாகத்தின்கீழ் வந்த மொகல் லைன் நிறுவனம் ஹஜ் பயணத்தைத் தன் கையில் வைத்திருந்தது. 1937இல் வால்சந்த் ஹீராசந்தின் சிந்தியா நிறுவனம் ஹஜ் கப்பல் விட்டதும் இரண்டுக்கும் கட்டணப் போர் மூண்டு, பயணக் கட்டணம் பெருமளவு வீழ்ந்தது. முன்பு வாங்கிய கட்டணத்தில் எவ்வளவு தனியுரிமையின் விலை என்பதை அந்தச் சில ஆண்டுகள் ஹாஜிகளுக்குக் காட்டிக்கொடுத்தன. முஸ்லிம் அல்லாத ஒரு முதலாளி நுழைந்ததால் ஹாஜிகளின் சுமை குறைந்தது என்பதை நம் வரலாற்று நூல்கள் உரக்கச் சொல்வதில்லை.

சவூதி அரசு ஹாஜிகள்மீது வசூலித்துவந்த வரியை மன்னர் அப்துல் அஸீஸ் 1952இல் நீக்கினார். எண்ணெய்ப் பணம் வருமுன் ஹிஜாஸின் முதன்மை வருமானமே ஹாஜிகள்தாம் என்பதை நினைத்தால் அதன் அருமை விளங்கும். மலேசியா வேறு வழியில் சிந்தித்தது. ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்று, திரும்பி வந்தபின் வறுமையில் விழும் கிராமத்தாருக்காக, வட்டியில்லாச் சேமிப்பு நிதி ஒன்றைப் பொருளியலாளர் உங்கு அஸீஸ் 1959இல் முன்மொழிந்தார். 1963இல் அது செயலுக்கு வந்தது. இன்றைய 'தாபுங் ஹாஜி' அதன் வளர்ச்சியே. குகுப் தோட்டம் இருந்த அதே மண்ணில், கடன்பட்டு ஹஜ் செய்யும் வழக்கத்துக்கு எதிராக எழுந்த ஏற்பாடு என்பதால் அது நமக்குக் கூடுதலாகப் பொருள்படுகிறது. 2018இல் அந்த நிறுவனத்தின் கடப்பாடுகள் சொத்துகளை மிஞ்சிவிட்டது வெளிவந்து, அரசு தலையிட்டு மீட்க வேண்டியிருந்தது. நல்ல நோக்கத்தோடு தொடங்கியது என்பதற்காக எந்த நிதியையும் தணிக்கை விட்டுவைக்கக் கூடாது என்று மலேசியர் அன்று கற்றனர்.

நம் நாட்டில் 1932இல் துறைமுக ஹஜ் குழுச் சட்டமும், 1959இலும் 2002இலும் ஹஜ் குழுச் சட்டங்களும் வந்தன. கடல்வழிப் பயணம் 1995இல் நின்றது. விமானக் கட்டணத்துக்கான அரசின் மானியம் 2011இல் 685 கோடி ரூபாயை எட்டியிருந்தது. அது ஹாஜிக்குப் போகிறதா, அரசு விமான நிறுவனத்துக்குப் போகிறதா என்று நம் சமுதாயத்திலேயே பலர் கேட்டனர். ஹாஜி தனக்கு வேண்டிய விமானத்தைத் தேர்ந்துகொள்ள முடியாதபோது அது நியாயமான கேள்வி. 2012 மே 8 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா தேசாய் அமர்வு, மானியத்தைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்தும்படி தீர்ப்பளித்தது. சக்தி பெற்றோர்க்கே ஹஜ் கடமை என்ற ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 97ஆம் வசனத்தை நீதிமன்றமே எடுத்துக்காட்டியது. 2018இல் மானியம் முழுவதும் நின்றது. அந்த வழக்கின் தொடக்கம் மானியமே அன்று என்பது பலருக்குத் தெரியாது. தனியார் பயண நிறுவனங்களுக்கு ஹஜ் இடங்களை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் மூல வழக்கு. இன்ன நாட்டு ஹாஜி இன்ன முதவ்விஃபுக்கு என்று நடந்த பழைய பங்கீட்டின் தூரத்து உறவாகவே எனக்கு அது தோன்றுகிறது.

அண்மைய இரண்டு ஹஜ் பருவங்களைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. 2024 ஜூனில் மக்காவின் வெப்பம் 50 பாகையைக் கடந்தபோது 1,301 பேர் இறந்தனர் என்றும், அவர்களில் 83 விழுக்காட்டினர் ஹஜ் அனுமதி இல்லாதவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அனுமதி இல்லாதவர்களுக்குக் குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் கிடையாது. எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமத்தைப் பறித்தது. சுற்றுலா விசாவில் மக்காவுக்குள் கொண்டுபோய்விடுகிறோம் என்று குறைந்த விலை பேசியவர்களை நம்பி வந்தவர்கள் அந்த வெயிலில் நடந்தார்கள்.

2025இல் பாதிக்கப்பட்டவர்கள் நம்மவர். இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட 1,75,025 இடங்களில் 52,507 தனியார் நிறுவனங்களுக்கு உரியவை. அந்நிறுவனங்கள் 26 கூட்டுக் குழுக்களாக இணைக்கப்பட்டிருந்தன. மினாவின் கூடாரம், தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றுக்கான பணமும் ஒப்பந்தமும் உரிய நாளுக்குள் முடியாததால், ஏறத்தாழ 42,000 பேரின் பயணம் ஏப்ரலில் கேள்விக்குறியானது. தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பேச்சுவார்த்தையின்பின் சவூதி அரசு 10,000 பேருக்கு மட்டும் மீண்டும் வழிவிட்டது. மற்றவர்களில் பலர் முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தியிருந்தனர். தவறு யாருடையது என்பதில் அரசும் நிறுவனங்களும் ஒருவரையொருவர் சுட்டிக் காட்டினர்.

வணிகத்தை அனுமதித்த அதே பகரா அத்தியாயத்தில்தான் குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய 282ஆம் வசனம் உள்ளது. தவணையிட்ட கடனை எழுத்தில் பதிவதும் சாட்சி வைப்பதுமே அதன் பொருள். சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படையக் கூடாது என்றும் அது கற்பிக்கிறது. ஹஜ்ஜுக்காக லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, ஒரு ரசீதைக் கேட்கக் கூச்சப்படும் நம்மவர் அந்த வசனத்தை ஆண்டுதோறும் ரமலானில் ஓதி முடிக்கிறார்.

அடுத்த பருவத்துக்கான முன்பதிவுகள் நடக்கையில் நம் மாவட்டத்து ஜமாஅத்துகள் ஒரு காரியத்தைச் செய்யலாம். பயண ஏற்பாட்டாளர்களைப் பள்ளிவாசலுக்கு அழைத்து, ஹஜ் விளக்கக் கூட்டத்தோடு சேர்த்தே, சில கேள்விகளை மக்கள் முன்னிலையில் கேட்க வேண்டும். அரசுப் பட்டியலில் நிறுவனத்தின் பதிவு எண் எது. இவ்வாண்டு ஒதுக்கப்பட்ட இடங்கள் எத்தனை. மினாவில் எந்தப் பகுதியில் கூடாரம். மக்கா விடுதிக்கும் ஹரமுக்கும் இடையே நடைதூரம் எவ்வளவு. பயணம் தடைபட்டால் எத்தனை நாளில் எவ்வளவு பணம் திரும்பும். ஏற்பாட்டாளரின் சேவைக் கட்டணம் என்ன. கடைசிக் கேள்விக்கு ஒரு தொகையைத் தயங்காமல் சொல்பவர் அதை ஹலாலாக, நிறைவாகப் பெற்றுக்கொள்ளட்டும். அவருடையதும் உழைப்புத்தான். பதில்கள் ஒரு தாளில் எழுதப்பட்டு, அவருடைய கையொப்பத்தோடு, ஒரு படி ஜமாஅத் அலுவலகத்திலும் ஒரு படி ஹாஜியின் வீட்டிலும் இருக்க வேண்டும்.